இரவு 11.30 வரை ஆட்டம், நாளுக்கு 5 பாட்டில் பால்: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: என் மகளுக்கு 22 மாதம். காலை 9 மணிக்கு எழுகிறாள். மாலை 4 முதல் 6 வரை தூங்கிவிட்டு, இரவு 11.30 வரை ஆட்டம். சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. 200 மில்லி பாட்டிலில் 5 முறை பால் குடிக்கிறாள். தூளியில் பாட்டிலோடுதான் தூக்கம். "பாலாவது குடிக்கட்டுமே" என்கிறார் மாமியார். வாக்கர், உயரமான சாப்பாட்டு நாற்காலி, சின்ன டாய்லெட் சேர் எல்லாம் வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: முடிச்சு பாட்டிலில்தான் விழுந்திருக்கிறது. நாளுக்கு 1 லிட்டர் பால் குடிக்கிற வயிற்றில் சோற்றுக்கு ஏது இடம்? இந்த வயதுக்கு 400 மில்லி போதும். 500-ஐத் தாண்ட வேண்டாம். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் சரியாகச் சேரவிடாது. அளவு மீறினால் ரத்தசோகை வருவது இதனால்தான். மலச்சிக்கலும் வரும். மாமியார் அக்கறையில் சொல்கிறார். 5 பாட்டில் அளவுக்கு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் மகளின் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்துக் காட்டுங்கள்.

முதலில் பகல் பாட்டில்களை 4 நாளுக்கு ஒன்றாக நிறுத்துங்கள். காலைப் பாலை மட்டும் டம்ளருக்கு மாற்றுங்கள். விளிம்பு மடித்த சின்ன எவர்சில்வர் டம்ளர் நல்லது. உதட்டை அறுக்காது, இரண்டு கையாலும் பிடிக்க வரும். ஒரு தடவைக்கு 50 மில்லிதான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் சாய்க்கும்போது மூக்கில் ஏறும். அப்புறம் டம்ளரைக் கண்டாலே அழுவாள். இரவு பாட்டில் கடைசி. 2 இரவுக்கு ஒருமுறை 30 மில்லி குறைத்தால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். இரவுப் பாலையும் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுத்து, அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்டில் பல் தேய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் பாட்டிலோடு தூங்கினால் மேல் முன்பற்கள் சொத்தையாகும்.

தூக்கத்தை இரவில் பிடிக்கப் போனால் போராட்டம்தான், காலையில் பிடியுங்கள். 3 நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாக எழுப்பி, திரையை விலக்கி வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். பகல் தூக்கத்தை ஒவ்வொரு முறையும் 25 முதல் 30 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். சுமார் 25 நாளில் காலை 7 மணி விழிப்பு, 12.30 முதல் 2.30 வரை தூக்கம், இரவு 8.30-க்குப் படுக்கை என்று வந்து நிற்கும். மதியம் 3 மணிக்கு மேல் தூங்க விட்டால் அன்றைய இரவு கெட்டது. நடுவில் காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு, தேறியதும் விட்ட இடத்தில் தொடங்கலாம்.

தூளியை இப்போதே மாற்றுங்கள். எழுந்து நிற்கிற குழந்தை அதிலிருந்து தலைகுப்புற விழும். தரையில் கெட்டியான மெத்தை, மேலே கொசுவலை போதும்.

வாக்கர் வேண்டவே வேண்டாம்; படியில் உருண்டு அடிபடும் ஆபத்து அதிகம் என்பதால் கனடா 2004-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. சாப்பிட உயரமான நாற்காலி எதற்கு? உங்களோடு தரையில் உட்காரட்டும். டாய்லெட் சேர் வாங்கலாம். அகலமான அடிப்பாகமும், பாதம் தரையில் முழுதாகப் பதிகிற உயரமும் இருக்க வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது. ஜட்டி 2 மணி நேரம் நனையாமல் இருக்கத் தொடங்கிய பிறகு, காலைச் சாப்பாடு முடிந்ததும் 5 நிமிடம் உட்கார வையுங்கள், அழுதால் எழுப்பிவிடுங்கள்.

உள்ளங்கையும் கண்ணின் கீழ் இமை உட்புறமும் வெளுத்திருந்தாலோ, மண், சுண்ணாம்பு தின்றாலோ, இதெல்லாம் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள்.