குரூப் 4 வகுப்பு நடத்துபவர்களுக்கு: கேள்வி பதில்

டிஎன்பிஎஸ்சி பயிற்சி வகுப்புகளைப் போய்ப் பார்த்து, எங்கே ஓட்டை, எதை அடைக்கலாம் என்று சொல்வது என் வேலை. இலவச வகுப்பு, கட்டண வகுப்பு இரண்டும் பார்க்கிறேன். வகுப்பு நடத்துபவர்களும் படிப்பவர்களும் கேட்கலாம். "எந்த அகாடமி நல்லது?" என்பதைத் தவிர.

கேள்வி: ஊர் நூலகத்தில் சனி, ஞாயிறு இலவச வகுப்பு நடத்துகிறோம் மேடம். 60 பேர் வருகிறார்கள். கருத்துப் படிவம் கொடுத்தோம், எல்லாரும் "மிக நன்று" என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

படிவத்தை ஓரமாக வையுங்கள். காசு வாங்காமல் ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொடுப்பவரிடம் யார் "சுமார்" என்று எழுதித் தருவார்கள்? பயிற்சி மதிப்பீட்டு ஆய்வாளர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியை நாலு படியாகப் பார்க்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, கற்றதைப் பயன்படுத்துகிறார்களா, கடைசியில் பலன் கிடைத்ததா. நம் ஊர் வகுப்புகள் பெரும்பாலும் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன.

உங்களிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. மாதிரித் தேர்வு விடைத்தாள்களை எடைக்குப் போட்டுவிடவில்லையே? கடைசித் தேர்வின் தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலே இருந்து 16, கீழே இருந்து 16 எடுங்கள். 60 பேரில் இது சுமார் 27 சதவீதம், வழக்கமாக எடுக்கும் அளவு. ஒவ்வொரு கேள்விக்கும் மேல் கட்டில் எத்தனை பேர் சரி, கீழ்க் கட்டில் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். மேலே 13, கீழே 5 என்றால் வித்தியாசம் 8. அதை 16-ஆல் வகுத்தால் 0.5, படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக்காட்டும் நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் கேள்வியைச் சந்தேகப்படுங்கள். கீழ்க் கட்டு சரியாகப் போட்டு மேல் கட்டு தப்பாகப் போட்டிருந்தால் உங்கள் விடைக்குறிப்பையும் நோட்ஸையும் சந்தேகப்படுங்கள்.

ஒரு மையத்தில் "மலர்க்கை" என்பதற்கு இலக்கணக் குறிப்பு கேட்டிருந்தார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் வரிசையாக "உருவகம்" என்று நிழலிட்டிருந்தார்கள். வகுப்பைக் கவனிக்காதவர்களில் சிலர் "உவமைத்தொகை" என்று சரியாகப் போட்டிருந்தார்கள். ஜெராக்ஸ் நோட்ஸைப் புரட்டினால், மலர்க்கையும் கைமலரும் இடம் மாறி அச்சாகியிருந்தன. கைமலர்தான் உருவகம். நோட்ஸை நம்பி மனப்பாடம் செய்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்று. சேரும் அன்றே ஒரு தேர்வு வையுங்கள். அது இல்லாவிட்டால் மதிப்பெண் ஏறியதா இறங்கியதா என்று கடைசி வரை தெரியாது.

கேள்வி: அக்கா, மதுரையில் எந்த அகாடமி நல்லது?

முதல் பத்தியைப் படியுங்கள் தம்பி.

கேள்வி: எங்கள் மையத்தில் போன முறை 9 பேர் தேர்வானார்கள். ஃபிளெக்ஸ் வைத்தோம். இதைவிட என்ன மதிப்பீடு வேண்டும்?

9 பேர், எத்தனை பேரில்? அதை ஃபிளெக்ஸில் காணோமே. 2024 குரூப் 4-க்கு அறிவிக்கை வந்தபோது 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். 300 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. ஆக 300 பேர் சேர்ந்து 9 பேர் என்றால் நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 9 பேரில் எத்தனை பேர் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை எழுதி, கட்-ஆஃப் பக்கத்தில் வந்து, கடைசி டெஸ்ட் பேட்சுக்கு மட்டும் சேர்ந்தவர்கள்? அவர்களை நீங்கள் உருவாக்கவில்லை, வாசலில் வரவேற்றீர்கள்.

ஃபிளெக்ஸ் வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தேர்வான பிறகு எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்காமல் மாணவர் படத்தைப் போடக்கூடாது. எந்தப் படிப்பில், எவ்வளவு காலம் படித்தார், காசு கட்டிப் படித்தாரா என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே மையத்திலிருந்து: பாதியில் நின்றவர்களையும் கணக்கில் சேர்ப்பீர்களா? அவர்கள் சீரியஸாகப் படிக்க வந்தவர்களே இல்லை. அது எங்கள் குறையா?

சேர்ப்பேன். சீரியஸ் இல்லை என்று எப்படித் தெரியும்? ஃபோன் போட்டுக் கேட்டீர்களா?

இடையில் ஒருவர்: நான் அப்படி நின்றவள். ஆறரைக்கு வகுப்பு முடியும். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஆறேகால். தினமும் கணக்கு வகுப்பில் பாதியில் எழுந்து வருவேன். அப்புறம் விட்டுவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மையம்: ஒருவருக்காக எல்லாருடைய நேரத்தையும் மாற்ற முடியுமா?

இன்னொருவர்: ஒருவர்தான் என்று யார் சொன்னது? என் பேட்சில் கணக்கு வகுப்பு ஆரம்பித்த மாதமே பாதிப் பேரைக் காணோம். பஸ் எல்லாம் இல்லை, பயம்தான்.

மூவரும் கொஞ்சம் பொறுங்கள். நான் கேட்பது இந்தத் தகவலைத்தான். நின்றவர்கள் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் கடைசியாக வந்த தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். தேதிகள் ஆண்டு முழுக்கச் சிதறி இருந்தால் வீட்டுச் சூழல், வேலை என்று காரணம் பலவாக இருக்கலாம். ஒரே வாரத்தில் கொத்தாக விழுந்தால் அந்த வாரம் வகுப்பில் ஏதோ நடந்திருக்கிறது. கணக்கு தொடங்கியதா, முதல் தேர்வு மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டினீர்களா, இரண்டாம் தவணை கேட்டீர்களா என்று பாருங்கள். பிறகு ஃபோன் போடுங்கள். பாடம் எடுத்த ஆசிரியர் பேச வேண்டாம், அவரிடம் உண்மை வராது. "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் "வீட்டில் வேலை" என்பார்கள். "கடைசியாக வந்த அன்று என்ன பாடம் நடந்தது?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

பஸ் விஷயத்துக்கு: கணக்கை முதல் மணிக்குக் கொண்டுவந்து, நடப்பு நிகழ்வுகளைக் கடைசிக்குத் தள்ளினாலே போதும். நேரத்தை மாற்றத் தேவையில்லை.

மையம்: இதெல்லாம் பேசுவதற்குச் சுலபம். வாடகை கட்டுவது நான்.

சரி. கட்டணம் கட்டியவர் பாதியில் நின்றால் அடுத்த தவணை போகிறது. வாடகைக் கணக்கிலேயே அதையும் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ் ஆசிரியர் அருமையாக நடத்துவார். கேட்கும்போது எல்லாம் புரிகிறது, தேர்வில் வரமாட்டேன் என்கிறது. ஆசிரியரை மாற்றலாமா?

வேண்டாம், வகுப்பு நேரத்தைப் பிரியுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடி நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடப் புரிதலைத்தான் உங்கள் மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். ஒரு மணி நேர வகுப்பில் கடைசி 15 நிமிடம் ஆசிரியர் வாயை மூடட்டும். போன வாரப் பாடத்திலிருந்து பத்துக் கேள்வி, வெறும் தாளில். மதிப்பெண் போட்டு அறிவிக்க வேண்டாம், விடை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் டெஸ்ட் வைத்தால் மாணவர்கள் துவண்டுவிட மாட்டார்களா?

துவள வைப்பது ரேங்க் பட்டியல். முந்தைய பதிலின் கடைசி வரியைப் பாருங்கள்.

கேள்வி: பாடத்திட்டம் மாறிவிட்டதா? பழைய புத்தகமா, புதுசா?

தேர்வாணைய இணையதளத்தில் பாடத்திட்டமே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பை நம்பாதீர்கள்.

கேள்வி: கோவையில் நல்ல அகாடமி...

இல்லை. அடுத்து.

கேள்வி: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பையும் இப்படி மதிப்பிடலாமா?

அது என் துறை இல்லை. ஆங்கிலம் கற்பிப்பவரிடம் கேளுங்கள்.

நூலக வகுப்பிலிருந்து மறுபடியும்: மேடம், மாதிரித் தேர்வை நோட்டில்தான் எழுத வைக்கிறோம். ஓஎம்ஆர் தாள் (வட்டத்தை நிழலிடும் விடைத்தாள்) செலவு. பரவாயில்லையா?

வாராந்திரத் தேர்வுக்குப் பரவாயில்லை. மாதம் ஒன்றாவது ஓஎம்ஆரில் வையுங்கள். காலை 9.30 முதல் 12.30 வரை, 200 கேள்வி, கறுப்பு பால்பாயின்ட் பேனா, விடை தெரியாவிட்டால் E வட்டத்தை நிழலிடுவது உட்பட. 11.30 ஆனதும் எந்தக் கேள்வியில் இருக்கிறார்கள் என்று வினாத்தாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மதிப்பெண்ணோடு அந்தக் கோட்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திறனறிவின் (கணக்குப் பகுதி) 25 கேள்விகளும் கோட்டுக்குக் கீழேயே மாதாமாதம் நின்றால், அடுத்த முறை கணக்கில் ஆரம்பிக்கச் சொல்லிப் பாருங்கள். ஜெராக்ஸ் ஓஎம்ஆரே போதும்.