சங்கிலி தந்த அக்காவைப் பார்த்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன்

கடிதம்

மேடம், எனக்கு 36 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கர் தேயிலையும், என் கணவர் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லோடு அடிக்கும் பிக்கப் வண்டியும்தான் எங்கள் பிழைப்பு. போன வருடம் பாதித் தோட்டத்தைக் கவாத்து வெட்டினோம். மீதியில் பறித்த இலைக்குக் கிலோ 15 ரூபாய்தான் கிடைத்தது. பாதி பறிகூலிக்கே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வண்டி இன்ஜினும் போனது. நாலு மாதத் தவணை நின்று, வண்டியைத் தூக்கிவிடுவோம் என்று ஆட்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

நாங்கள் நாலு பேர் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில், ‘அவசரமாகக் கொஞ்சம் பணம் வேண்டும், யாராவது உதவ முடியுமா’ என்று போட்டேன். மூன்று பேரும் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ‘பாக்கலாம்டி’ என்றாள். மறுநாள் இன்னொருத்தி அதே குழுவில் புதுப் பட்டுப்புடவைப் படம் போட்டாள்.

என்னோடு இலை பறிக்க வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். பறிக்கிற இடத்தில் பேசிக்கொள்வதோடு சரி. விஷயம் எப்படியோ தெரிந்து, ஒரு சாயங்காலம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, தலையில் கட்டியிருந்த துண்டிலேயே முடிந்து என் கையில் வைத்தார். 4 பவுன். மறுநாள் பேங்குக்கு வந்து, அவர் பேரிலேயே வைத்து ஒரு லட்சம் வாங்கித் தந்தார். அவர் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கழுத்தில் இப்போது கவரிங் போட்டிருக்கிறார்.

ஐந்து மாதமாயிற்று. வட்டிகூடக் கட்டவில்லை. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தால் ஒளிந்து நின்று அடுத்த பஸ்ஸில் போகிறேன். கெட்ட காலம்தான் சிநேகிதத்தை அளக்கும் கோல் என்பார்கள். அளந்துவிட்டேன். அந்த மூன்று பேரையும் அடியோடு விட்டுவிடலாமா? இந்த அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

பதில்

அன்புச் சகோதரி, இரண்டாவது கேள்விக்குத்தான் அவசரம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடன் அக்கா பேரில் இருக்கிறது. நகைக் கடனுக்குப் பெரும்பாலும் 12 மாதம்தான் கெடு. அது முடிந்தும் கட்டாவிட்டால் பேங்க் அனுப்பும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வராது, அவர் வீட்டுக்குத்தான் போகும். அதைத் தபால்காரரிடமிருந்து கணவர் வாங்கினால் அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு மீதி இருப்பது 7 மாதம். நீங்கள் ஒளிகிற ஒவ்வொரு பஸ்ஸும் அந்த 7 மாதத்திலிருந்துதான் கழிகிறது.

வெட்கப்பட்டுத்தான் ஒளிகிறீர்கள். ஆனால் உங்கள் வெட்கம் எதிரில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது; காரியம் முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றுதான் தெரியும். பணம் திரும்பி வரத் தாமதமாவதை விட, ஆளே கண்ணில் படாமல் போவதுதான் கொடுத்தவரை அதிகம் உறுத்தும். அவர் கேட்காமல் இருப்பதை ‘அவருக்கு ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்றும் அவர் வாயை மூடியிருக்கலாம்.

வெறும் கையோடு போய் அழ வேண்டாம். அழுதால் உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில்தான் விழும். முதலில் பேங்கில் கடன் எண்ணைச் சொல்லி இதுவரை ஏறிய வட்டியைக் கேளுங்கள். 9 சதவீதம் என்று வைத்தால் லட்சத்துக்கு மாதம் 750 ரூபாய், ஐந்து மாதத்துக்கு 3,750. அதில் ஒரு பகுதியாவது கட்டி, ரசீதோடு போங்கள். பேச்சு நாலு வரிக்கு மேல் போக வேண்டியதில்லை: ‘அக்கா, வெட்கப்பட்டு ஒளிஞ்சேன், தப்புதான். இவ்வளவு வட்டி கட்டியிருக்கேன், ரசீது இது. மாசாமாசம் இலைக்குப் பேக்டரிப் பணம் வந்ததும் கட்டிடறேன். சங்கிலி உங்களுக்கு எப்போ கையில் வேணும்?’

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாதிப் பணம் கட்டினால் பாதிச் சங்கிலி வராது. மொத்தமும் அடைந்தால்தான் நகை வெளியே வரும். அவர் வீட்டில் ஒரு காதுகுத்தோ கல்யாணமோ வந்தால் கவரிங் போட்டுச் சமாளிக்க முடியாது. தேதி தெரிந்தால்தான் கணக்கு. அப்படி எதுவும் இல்லையென்றால் கெடு முடியும்போது வருட வட்டி 9,000 ரூபாயைக் கட்டிப் புதுப்பிக்கலாம்; அதற்கு மாதம் 1,300 ரூபாய் ஒதுக்கினால் போதும். மேலே கிடைப்பதை அசலில் கட்டுங்கள். கவாத்து வெட்டிய பாதி இப்போது துளிர்த்திருக்கும், அந்த இலைப் பணத்தை இதற்கென்று தனியே வையுங்கள். புதுப்பிக்க அக்காவே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். எப்படியும் அவர் முகத்தில் விழித்துத்தான் ஆக வேண்டும்.

சங்கிலியைச் சீக்கிரம் மீட்கிறேன் என்று ஐந்து வட்டிக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள். லட்சத்துக்கு மாதம் 5,000 ரூபாய். 750 கட்ட முடியாதவருக்கு அது கழுத்துக் கயிறு. இப்படிப்பட்ட அநியாய வட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வாசலில் வந்து நிற்பவன் சட்டப் புத்தகத்தோடு வருவதில்லை.

ஒரு தாளும் எழுதிக் கொடுங்கள். கடன் எண், தேதி, தொகை, ‘இது எங்களுக்காக வாங்கியது, அசலும் வட்டியும் எங்கள் பொறுப்பு’ என்ற வரி, நீங்களும் கணவரும் போட்ட கையெழுத்து. சிநேகிதத்துக்குள் பத்திரமா என்று அக்கா தள்ளிவிடுவார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் அவர் கையில் இருப்பது அவர் பேரிலுள்ள கடன் மட்டுமே. நன்றிக்கடன் என்று அவர் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்யவும் வேண்டாம், கடன் வாங்கிப் புடவை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். பழையபடி அதே வரிசையில் நின்று இலை பறியுங்கள்.

இனி அந்த மூன்று பேர். உங்கள் அளவுகோலில் எனக்குச் சந்தேகம் உண்டு. குழுவில் பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் 1968லேயே சோதனை செய்து காட்டியது இது: ஒருவர் ஆபத்தில் இருப்பது இன்னும் நாலு பேருக்குத் தெரியும் என்று நினைப்பவர், தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைப்பவரைவிட உதவிக்கு எழுவது குறைவு. போதாததற்கு, ‘கொஞ்சம் பணம்’ என்றால் ஐயாயிரமா, ஐம்பதாயிரமா? படித்தவர் பயந்துதான் ஒதுங்குவார். ஆளுக்கு ஆள் நேரில், தொகையும் திருப்பித் தரும் தேதியும் சொல்லிக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்.

இன்னொன்று, அவர்கள் கையில் பணம் இருந்ததா? ஏடிஎம் கார்டு கணவர் சட்டைப்பையில் இருக்கும் வீடுகள் எத்தனையோ. புடவை எடுக்க முடிந்தவளுக்கு ரொக்கம் எடுக்க முடியாமல் இருக்கலாம். (அந்தப் படத்தை அன்றைக்குப் போட்டிருக்க வேண்டாம் என்பது வேறு விஷயம்.) அதனால் பணமில்லாத ஒரு உதவியைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தியை வண்டிக் கடன் ஆபீசுக்குத் துணைக்கு வரச் சொல்லுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்லி எப்படியும் நீங்கள் போக வேண்டும். இன்னொருத்தியிடம் ஒரு நாள் பிள்ளைகளை விடுங்கள். ‘முடியாதுடி’ என்று நேராகச் சொல்பவளை விட்டுவிடாதீர்கள், அவளிடம் ஒளிவு இல்லை. இதற்கும் ‘பாக்கலாம்’ என்று இழுப்பவளைத் திருவிழாவுக்கும் புடவைக் கடைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஆள் வேண்டுமே. சண்டை போட்டு முறிக்க இதில் ஒன்றுமில்லை.

தூக்கம் கெட்டு, பசி குறைந்து, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, செத்துவிடலாமா என்று ஒருமுறை தோன்றினாலோ, 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

அக்காவின் கணவருக்கு விஷயம் தெரிய வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, அக்காதான். ‘நான் பார்த்துச் சொல்லிக்கிறேன்’ என்று அவர் சொன்னால், கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நாங்களும் கூட வருகிறோம் என்று சொல்லி வையுங்கள்.