'மூன்று-ஏ ஆக்கித் தருகிறேன்' என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறோம். கடலிலிருந்து 130 மீட்டரில் வீடு. கடலோர வரைபடத்தில் எங்கள் ஊர் 'மூன்று-பி' பிரிவில் வருகிறதாம். வீட்டுக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் 'மூன்று-ஏ'வுக்கு மாற்றித் தருகிறேன், தாராளமாகக் கட்டலாம் என்று ஒருவர் வசூலிக்கிறார். கணக்கெடுப்பில் குடும்பத் தொழில் என்ன என்றும் கேட்கிறார்கள். அப்பா ஃபைபர் படகில் போகிறார், அம்மா மீன் விற்கிறார், நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மீனவர் குடும்பம் இல்லை என்று எழுதிவிடுவார்களா?

பதில்: முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அறிவிக்கை, கிராமப்புறக் கடலோரத்தை மக்கள் நெருக்கத்தை வைத்துப் பிரிக்கிறது. 2011 சென்சஸ்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் மூன்று-ஏ, இல்லாவிட்டால் மூன்று-பி. ஏ-வில் உயர் அலைக்கோட்டிலிருந்து (ஓதம் உச்சத்தில் இருக்கும்போது கடல்நீர் எட்டும் எல்லை) 50 மீட்டர் வரை புதிதாகக் கட்டப் பொதுவாகத் தடை, பி-யில் 200 மீட்டர் வரை. எப்போதோ எடுத்து முடித்த சென்சஸ் எண்ணை எந்தத் தரகர் மாற்றுவார்?

உங்கள் ஊர்க்காரர்களின் ஆதங்கம் நியாயமானதுதான். குப்பத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கின்றன. சென்சஸ் கணக்கோ வருவாய் கிராமம் முழுவதற்கும். உதாரணத்துக்கு, 15 ஹெக்டேரில் 1,500 பேர் இருந்தால் சதுர கிலோமீட்டருக்கு 10,000 பேர் என்று ஆகிறது. அதே குப்பத்தை, முந்திரித் தோப்பும் வயலும் சேர்ந்த 4 சதுர கிலோமீட்டர் கிராமத்தோடு சேர்த்து மொத்தம் 4,000 பேர் என்று வகுத்தால் 1,000தான் வரும். கடலை நம்பிப் பிழைக்கும் ஊரை, கடலைப் பார்க்காத வயலோடு சேர்த்து வகுத்துவிட்டு அதைத் திட்டமிடல் என்கிறார்கள். இதைத்தான் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஏ கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அந்த 50 மீட்டர் சலுகை, புதிய கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் முறைப்படி மக்களைக் கேட்டு ஒப்புதல் பெற்ற பிறகுதான். அதுவரை ஏ-வுக்கும் 200 மீட்டர்தான். அப்புறம், 50 மீட்டருக்கு அப்பால் இடம் திறந்தால் உங்களுக்கு மட்டும் திறக்காது, ரிசார்ட்காரருக்கும் திறக்கும்.

இருக்கிற வீட்டை என்ன செய்வது? அனுமதி பெற்ற பழைய கட்டடமாக இருந்தால், அதே அடித்தளப் பரப்புக்குள் பழுது பார்க்கலாம், திரும்பக் கட்டலாம். பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்புத் தாள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. வீடு உப்பனாற்றுப் பக்கமோ கழிமுகப் பக்கமோ இருந்தால் கணக்கு வேறு. அங்கே தடை தூரம் 50 மீட்டர் அல்லது அந்த ஓடையின் அகலம், இதில் எது குறைவோ அது. ஓடை 20 மீட்டர் அகலமென்றால் 20 மீட்டர், 80 மீட்டர் அகலமென்றால் 50 மீட்டர். ஆனால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆறுமாக நடுத்திட்டில் இருக்கும் வீட்டுக்கு ஆற்றுக் கணக்கு மட்டும் போதாது, கடல் பக்கக் கோடும் பொருந்தும். 'ஆற்றுக்கு 20 மீட்டர் விட்டால் போதும்' என்று மனை விற்பவர்கள் இந்தப் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். இரண்டு கோடுகளையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தொழில் கேள்விக்கு வருவோம். நீங்கள் ஆட்டோ ஓட்டுவதால் குடும்பம் மீனவர் குடும்பம் இல்லையென்று ஆகிவிடாது. கணக்கெடுப்பவர் வந்தால் ஒவ்வொருவர் தொழிலையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பில் மீன் விற்பது, வலை பின்னுவது, கருவாடு போடுவது எல்லாம் மீன்பிடி சார்ந்த தொழில்களே. ஆனால் திண்ணையில் இருக்கும் ஆண்பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவதால் பல ஊர்களில் கூடை தூக்கும் அம்மாக்கள் 'இல்லத்தரசி' ஆகிவிடுகிறார்கள். உங்கள் அம்மாவையே பதில் சொல்லச் சொல்லுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள். அப்படி வாங்கிய கையெழுத்து நாளைக்கு வேறு யாருடைய திட்டத்துக்கோ 'ஊர்ச் சம்மதம்' என்று போய் நிற்கலாம்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது உங்கள் ஊரின் பொதுவிடம். மீனவ கிராமம், மீன் உலர்த்தும் களம், மீன்பிடித் துறை, ஐஸ் ஆலை, பொதுச் சொத்துகள் எல்லாவற்றையும் கிராம அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும், மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 2010 கணக்கெடுப்பில் தமிழகத்தில் மீனவ கிராமங்கள் 573, மாநில மீன்வளத்துறை சொல்வது 608. ஊர்களின் எண்ணிக்கையிலேயே ஒத்துப்போகாதவர்கள், நீங்கள் வலை காயப்போடும் மணலைத் தாமாகக் குறித்துக்கொள்வார்கள் என்று காத்திருக்கக் கூடாது. காட்டாமல் விட்டால் அது காகிதத்தில் வெறும் புறம்போக்கு.

ஊர்ப் பஞ்சாயத்தாரும் மீன் விற்கும் பெண்களும் சேர்ந்து ஒரு காலைப்பொழுதில் கரையோரம் நடங்கள். படகு ஏற்றும் இடம், கரைவலை இழுக்கும் இடம், ஏல இடம், கருவாட்டு வாடி ஒவ்வொன்றின் புல எண்ணையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதுங்கள். மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டதை, அறிவிப்பில் சொல்லியிருக்கும் கெடுவுக்குள் ஆட்சியரிடமும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடமும் ஆட்சேபணையாகக் கொடுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வாயால் சொன்னதோடு விடாமல் அதே மனுவை அங்கேயும் நீட்டி, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.