தீப்பெட்டியும் ஆடக் கற்றுக்கொள்ளும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குக் கணினிப் பாடம் எடுக்கிறேன். விளையாட்டு ஆடும் நிரல்களை எழுத வைத்துச் செயற்கை நுண்ணறிவைச் சொல்லிக்கொடுக்க ஆசை. பிள்ளைகள் சதுரங்கம்தான் வேண்டும் என்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

பதில்: சதுரங்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், X, O போட்டு மூன்றை ஒரே வரிசையில் சேர்க்கும் டிக்-டாக்-டோவில் தொடங்குங்கள். ஒன்பதே கட்டம், விதிப்படி ஆடினால் வரக்கூடிய நிலைகள் மொத்தமே 5,478. அத்தனையையும் கணினி கடைசி வரை அலசிவிடும். சதுரங்கத்தில் அது நடக்காது, பாதியில் நிறுத்தி யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணிக்க வேண்டும், அது தனிக் கலை.

முதல் நாள் கண்ட இடத்தில் காய் வைக்கும் நிரலை எழுதட்டும், அது தோற்கட்டும். அப்புறம் மினிமேக்ஸ்: நான் இங்கே வைத்தால் எதிராளி எனக்கு ஆக மோசமானதைத்தான் செய்வான் என்று முடிவு வரை எண்ணிப் பார்க்கும் முறை. வெற்றிக்கு 1, சமனுக்கு 0, தோல்விக்கு -1 என்று மதிப்பெண் போடுவார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரே காயில் ஜெயிக்க வழி இருக்கும்போது நிரல் சில சமயம் அதை விட்டுவிட்டு வேறெங்கோ வைக்கும், பிள்ளைகளும் பிழை தேடி மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பிழையே இருக்காது. இப்போதே ஜெயித்தாலும் அடுத்த சுற்றில் ஜெயித்தாலும் அதற்கு அதே 1தானே, சீக்கிரம் முடித்தால் கூடுதல் மதிப்பெண் என்று யார் சொன்னார்கள்? தயவுசெய்து விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், ஒரு வகுப்பு முழுக்கப் போனாலும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஆனால் மினிமேக்ஸ் அனுபவத்தில் கற்றுக்கொள்வதில்லை. கற்றலைக் காட்டக் கணினியே தேவையில்லை. 1961இல் டொனால்ட் மிச்சி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 304 தீப்பெட்டிகளில் வண்ண மணிகளைப் போட்டே டிக்-டாக்-டோ ஆட வைத்தார். அத்தனை பெட்டிக்கு எங்கே போவது? அதைவிடச் சின்ன ஆட்டம் ஒன்று போதும்: பத்துக் குச்சி வையுங்கள், ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோ எடுக்கலாம், கடைசிக் குச்சியை எடுப்பவர் தோற்றார். மீதியுள்ள குச்சிகளின் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒன்று வீதம் பத்துப் பெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு நிறத்தில் சில மணிகள், ஒரு நிறம் வந்தால் ஒரு குச்சி, மற்றதற்கு இரண்டு. அப்போதைய எண்ணிக்கைக்குரிய பெட்டியிலிருந்து பார்க்காமல் ஒரு மணியை எடுத்து அது சொல்கிறபடி ஆட வேண்டும். பெட்டிகள் தோற்றால் அந்த ஆட்டத்தில் எடுத்த மணிகள் பறிபோகும், ஜெயித்தால் அதே நிறத்தில் இன்னும் சில சேரும். ஆட ஆடப் பெட்டிகள் தேறுவதைப் பிள்ளைகள் கையாலேயே எண்ணிப் பார்க்கலாம்.

போட்டியும் வையுங்கள், ஆனால் ஜெயித்த நிரலுக்கு மதிப்பெண் போடாதீர்கள். தன் நிரல் ஏன் அந்தக் கட்டத்தில் வைத்தது என்று விளக்குகிற பிள்ளைக்குப் போடுங்கள்.