உறுதி, அற்றோர்னி, சீட்டு: எது குற்றம், எது வெறும் கடன்?

கேள்வி (கொக்குவில்): கனடாவில் இருந்த பெரியப்பா ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் (தனக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தார். மாசியில் பெரியப்பா காலமானார். சித்திரையில் அதே அற்றோர்னியை வைத்து உறவினர் காணியை விற்றுவிட்டார். போட்டது அவரின் சொந்தக் கையெழுத்துத்தானே, இது போலி உறுதி (காணிப் பத்திரம்) ஆகுமா?

பதில்: ஆகலாம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 453ஆம் பிரிவு, இன்னொருவரின் அதிகாரத்தோடு எழுதியதாக நம்பவைக்கும் நோக்கத்தில், அந்த அதிகாரம் இல்லையென்று தெரிந்துகொண்டே எழுதினாரா என்று பார்க்கிறது. சொந்தப் பெயரில் ஒப்பமிடுவதும் போலியாகலாம் என்று அப்பிரிவின் விளக்கமே சொல்கிறது. அற்றோர்னி கொடுத்தவர் கண்ணை மூடியதும் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். எனவே விற்ற நாளில் இறந்த செய்தி அவருக்குத் தெரியுமா என்பதில்தான் வழக்கு நிற்கும். மரண அறிவித்தலில் அவர் பெயர் இருக்கிறதா, அந்தியேட்டிக்கு வந்தாரா, வட்ஸ்அப்பில் துக்கம் விசாரித்தாரா என்று தேடி எடுத்து வையுங்கள். தெரியாமல் விற்றிருந்தால் குற்றம் நிற்காது. காணியின் உரித்து மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகப் பேசவேண்டிய விடயம்.

கேள்வி (சுன்னாகம்): 20 பேர், மாதம் 20,000 ரூபா சீட்டு. பத்து மாதம் ஒழுங்காக நடந்தது. பதினோராம் மாதக் காசை வாங்கிக்கொண்டு சீட்டு நடத்தினவ ஊரைவிட்டுப் போய்விட்டா. பொலிசில் ஏமாற்றுதல் என்று எழுதட்டோ?

பதில்: அவசரப்பட்டு எழுதாதீர்கள். ஏமாற்றுதலுக்கு (398, 403ஆம் பிரிவுகள்) காசை வாங்கும்போதே வஞ்சகம் இருந்திருக்கவேண்டும். பத்து மாதம் சரியாகக் கொடுத்தவர் தொடக்கத்திலேயே ஏமாற்ற நினைத்தார் என்று நிறுவுவது கடினம். இப்படி முழுச் சீட்டையும் ஏமாற்றுதல் என்று எழுதித் தோற்ற முறைப்பாடுகள் உண்டு. பதினோராம் மாதத்து நான்கு இலட்சம் அந்த மாதச் சீட்டுக்காரருக்குக் கொடுக்கவென ஒப்படைத்த காசு. அதை நேர்மையீனமாகத் தன் தேவைக்கு எடுத்திருந்தால் அது 388ஆம் பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடி. போவதற்கு முதல்நாளே விமானச்சீட்டு எடுத்துவிட்டு அந்த மாதக் காசை வாங்கியிருந்தால் ஏமாற்றுதலும் சேரும். சீட்டுக் கொப்பி, வங்கிச் சிட்டை, செய்திகளை மாதம் மாதமாகப் பிரித்து ஒப்படையுங்கள். முதலில் சீட்டை எடுத்துவிட்டுப் பிறகு கட்டாமல் விட்டவர்கள் பெரும்பாலும் கடனாளிகள். அவர்களுக்குப் பொலிஸ் வேண்டாம், சிவில் வழக்குத்தான்.

கேள்வி (உரும்பிராய்): அக்கா தன் சீதனக் காணியை விற்கையில், லண்டனிலுள்ள அத்தானின் சம்மதக் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டா. காணி அவவுடையது, ஒருவருக்கும் நட்டமில்லையே?

பதில்: தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மணமான பெண் காணியை விற்க, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நியாயமானதென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது இருக்கும்வரை, வாங்குபவர் காசைக் கொடுப்பது அந்தச் சம்மதத்தை நம்பித்தான். நட்டம் வந்தே ஆகவேண்டும் என்று போலி பற்றிய 452ஆம் பிரிவு கேட்கவில்லை. ஒருவரைச் சொத்தைக் கொடுக்கவைக்கும் நோக்கமே போதும், காசும் சொத்துத்தான். அத்தானே தொலைபேசியில் "என் பெயரில் போடு" என்று சொல்லியிருந்தால் அக்காவின் மனநிலை வேறு, குற்றம் தளரும். அப்போதும் அந்தக் கையெழுத்து அத்தானுடையதாகிவிடாது. உறுதியின் சிக்கல் அப்படியே இருக்கும்.

கேள்வி (சாவகச்சேரி): உறுதியில் 2 பரப்பு 12 ஆகியிருக்கிறது. எப்படி நிரூபிப்பது?

பதில்: உறுதி மூன்றாக இருக்கும்: மூலம் உங்களிடம், இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்தில், இன்னொன்று உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசிடம். மூன்றையும் அருகருகே வையுங்கள். பிறகு நொத்தாரிசின் அத்தாட்சியைப் படியுங்கள். வெட்டல், திருத்தல், இடைச்செருகல் ஒவ்வொன்றும் அங்கே குறிக்கப்படவேண்டும். மூலத்தில் மட்டும் "1" முளைத்து, அத்தாட்சியில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், திருத்தம் ஒப்பமிட்ட பிறகு நடந்தது என்பதற்கு அது பலமான சான்று. போட்டோக் கொப்பியில் பேனை அழுத்தமும் மை வேறுபாடும் தெரியாது. மூலத்தை மடிக்காமல், அதன்மேல் எதையும் எழுதாமல் ஒப்படையுங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): போலிக் கையெழுத்துப் போட்டு 14 வருடம் கழிந்துவிட்டது. காலம் போய்விட்டதா?

பதில்: இல்லை. குற்றம் நடந்த நாளிலிருந்து 20 வருடம்வரை வழக்குத் தொடரலாம். பொலிஸ் அசையாவிட்டால் நீதவான் நீதிமன்றில் தனிப்பட்ட முறைப்பாடும் போடலாம். கையெழுத்து ஒப்பீட்டுக்கு 14 வருடத்துக்கு முந்திய மாதிரிகள் வேண்டும், இன்று போட்டுக் காட்டும் கையெழுத்து மட்டும் போதாது. பழைய வங்கிப் படிவம், பாடசாலைப் பதிவு, கடிதம் என்று இப்போதே தேடத் தொடங்குங்கள்.