வாட்டம், விஷமம், சங்கடம்: சித்தூர் டீச்சர்கிட்ட கேளுங்க

கேரளால பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கால ரொம்ப வருஷம் தமிழ் சொல்லிக் குடுத்தவ நான். இன்னிக்கி மனசு டல்லா இருக்கறதுக்கான வார்த்தைங்க மட்டும்தான், ஜாதகம் கேக்காதீங்க.

வேலந்தாவளம் தம்பி: டீச்சர், அம்மா "ஏன்டா வாட்டமா இருக்கற"ங்கறாங்க. வாட்டம்னா சோகமா, சோர்வா?

ரெண்டும்தான் தம்பி, ஆனா அது பாக்கறவங்க சொல்ற வார்த்தை. நமக்கு நாமளே "வாட்டமா இருக்கேன்"னு சொல்லிக்கறது கம்மி, எதுத்தாப்ல இருக்கறவங்க மூஞ்சிய பாத்துட்டு சொல்வாங்க. உச்சி வெயில்ல கத்திரிச்செடி எல தொங்கிப்போயிருக்கும், சாயங்காலம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தினா விடியறதுக்குள்ள நிமுந்துக்கும் பாருங்க, அதான் வாட்டம். காஞ்சுபோறது வேற. பசியிலயும் மூஞ்சி வாடும், அதனாலதான் அம்மா அடுத்த கேள்வியா சாப்டியான்னு கேப்பாங்க.

மீனாட்சிபுரம்: எங்க கொத்தனாரு "பாத்ரூம்ல வாட்டம் பத்தல"ங்கறாரு?

தண்ணி ஓடறதுக்கு தரைல விடற சரிவு அது. இன்னொருக்கா போடச் சொல்லுங்க.

பொள்ளாச்சிக்காரி: ஆபீஸ்ல மலையாளி பொண்ணு "பயங்கர விஷமம்"னு அழுதுச்சு, நான் சிரிச்சுட்டேன் 😭

என் மருமக திருச்சூர். கல்யாணமாகி வந்த ஒரு வாரத்துல கண்ணு கலங்கி "விஷமமாயி அம்மே"ன்னா, எங்க மாமியா காபி டம்ளர கீழ வெச்சுட்டு "என்னத்த ஒடச்ச?"ன்னு கேட்டாங்க. நமக்கு விஷமம்னா சேட்டை, அவங்களுக்கு வருத்தம். மூலம் சமஸ்கிருதம், சமமில்லாதது, மேடுபள்ளம். அவங்க கஷ்டம்ங்கற பக்கம் போனாங்க, நாம குறும்புங்கற பக்கம் வந்துட்டோம். சங்கடமும் அப்படித்தான், மூலத்துல இடுக்கு, நெருக்கடி. நமக்கு தர்மசங்கடம், அவங்களுக்கு மனசு நொந்துபோறது.

கோபாலபுரம்: இல்லைங்க, விஷத்துலருந்து வந்ததுதான் விஷமம்.

விஷம் வேற, விஷமம் வேற. சம, விஷம. அவ்ளோதான்.

கோபாலபுரம்: 1956ல கேரளாவோட சேத்ததுக்கப்புறம்தான் நம்ம வார்த்தைய கெடுத்தாங்க.

எந்த ஊர சொல்றீங்க? சித்தூர் அதுக்கு முன்னாடியே கொச்சி ராஜ்ஜியம், மலையாளம் எங்க திண்ணைல எப்பவோ வந்து உக்காந்தாச்சு. அதுவுமில்லாம நம்ம வார்த்தைங்கறீங்க, ரெண்டு பேருமே கடன் வாங்கினதுதான், இதுல யாரு யாருத கெடுத்தாங்க?

கோபாலபுரம்: அப்ப விஷமக்காரன்னா விஷம் வெக்கறவன்தான?

அண்ணா, உங்க பேரன கூப்ட்டு கேளுங்க.

வாளையார்: வாட்டம்னா டிப்ரஷன்தான?

இதையே கேக்கற மூணாவது ஆளு நீங்க, மத்த ரெண்ட இங்க போடல. இல்ல. மூஞ்சி வாடினதுக்கெல்லாம் அந்தப் பேர வெக்காதீங்க, நெசமாவே இருக்கறவங்கள "சும்மா வாட்டம்"னு தள்ளிவுடவும் செய்யாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி, எதுலயும் இஷ்டம் இல்லாம கெடந்தா டாக்டர்கிட்ட போங்க, இல்ல டெலி மானஸ் 14416க்கு போன் போடுங்க, அதுக்கு காசில்ல. என்கிட்ட இருக்கறது வார்த்தை மட்டுந்தான்.

கொழிஞ்சாம்பாறை: மடி?

சோம்பல். குறள்ல 61வது அதிகாரமே மடியின்மைதான். மலையாளத்துலயும் மடி சோம்பல்தான், அதுக்கு மட்டும் சண்டையே இல்ல.

வண்டித்தாவளம்: வாட்டம்னா டிப்ரஷனா டீச்சர்?

மேல பாருங்க.

பொள்ளாச்சிக்காரி: டீச்சருக்கு வாட்டமா, கோவமா? 😄

மணி ரெண்டரை. இன்னும் சாப்பிடல.