சர்வேயர் கண்ணில் படாத இற்ற பலகை: யாரிடம் இழப்பீடு கேட்பது?

கேள்வி: நானே கடலுக்குப் போக, பழைய மர விசைப்படகு ஒன்றை 18 லட்சத்துக்கு வாங்கினேன். முன்னதாக 12,000 ரூபாய் கொடுத்து, படகின் நிலையைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை வைத்துப் பார்த்ததில், ‘அடிப்பகுதி நல்ல நிலை’ என்று அறிக்கை தந்தார். ஏழு மாதம் கழித்துக் கரையேற்றினால், ஏராவை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) ஒட்டிய பலகைகள் இற்றுக் கிடக்கின்றன. சரிசெய்ய ஆசாரி 5 லட்சம் கேட்கிறார். யாரிடம் கேட்பது?

பதில்: முதலில் ஆசாரியை நிறுத்தி வையுங்கள். பலகையைப் பிடுங்கிவிட்டால் வழக்கின் பாதி அடுப்புக்குப் போய்விடும். சர்வேயருக்கும் விற்றவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, படகை வந்து பார்க்கப் பத்து நாள் கொடுங்கள். அதற்குள் வேறொரு சர்வேயரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்; வெட்டிய துண்டுகளை எந்த இடத்துப் பலகை என்று எழுதிப் பத்திரப்படுத்துங்கள். போனில் எடுத்த படங்களை நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும்போது, மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள்.

சர்வேயர் தவறவிட்டார் என்பது மட்டும் போதாது. தொழில் தெரிந்த இன்னொருவர் அன்று பார்த்திருந்தால் கண்டிருப்பார் என்று காட்ட வேண்டும். மரத்தின் மேல் பைபர் அடித்த படகில், பைபர் விட்டுப்போன இடத்தில் தண்ணீர் தங்கி உள்ளே மரம் இற்றுப்போகும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் சுத்தியலால் தட்டினால் சத்தம் மழுங்கிக் கேட்கும். பைபரைத் துளைத்துப் பார்க்க உரிமையாளர் அனுமதி வேண்டும், சரி. தட்டிப் பார்க்க அனுமதி வேண்டாமே! படகைக் கரையேற்றிப் பார்த்தாரா, தண்ணீரிலேயே பார்த்தாரா? ‘பைபருக்கு உள்ளே பார்க்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். எழுதாமல் ‘நல்ல நிலை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அவருக்குத்தான் சிக்கல்.

சர்வேயர் மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்த நிலை ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகை. இந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2025-இல் சொல்லிவிட்டது. 12,000 ரூபாய் சேவை என்பதால் மனுக் கட்டணமே கிடையாது. கெடு இரண்டு ஆண்டு. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது ‘வணிக நோக்கம்’ என்ற வாதத்தைத்தான். பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்பவரும் நுகர்வோரே என்று சட்டம் சொல்கிறது; நீங்களே படகில் போவதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். மூன்று நான்கு படகு வைத்து ஆள் விட்டு ஓட்டுபவர் என்றால் சிவில் நீதிமன்றம்தான் பாதுகாப்பான வழி.

விற்றவர் கதை வேறு. வெறுமனே வாய் திறக்காமல் இருந்தது பொதுவாக மோசடி ஆகாது. இற்ற இடத்தில் புட்டி வைத்து பெயின்ட் அடித்து மறைத்திருந்தால், ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி மோசடி. விற்பதற்கு முன் வேலை செய்த ஆசாரியின் பில் கிடைத்தால் பெரிய ஆதாரம். வழக்கு சிவில் நீதிமன்றத்தில்; மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு.

ஐந்து லட்சமும் அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பழைய பலகைக்குப் புதுப் பலகை கிடைக்கிறதே என்று எதிர்த்தரப்பு தொகையில் கழிவு கேட்கும். தொழில் போன நாட்களுக்கும் கேட்கலாம், மீன் ஏல ரசீதுகளோடு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 மீன்பிடித் தடை நாட்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.